இன்னைக்கு என்ன கிழமை?

இல்ல கண்ணு, இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும். மேலேயும் வேணாம், கீழேயும் வேணாம். உள்ளே சொம்பு இருக்கு. தண்ணிச் சொம்பு இல்ல, பெருமாள் சொம்பு. நாமம் போட்டு, கழுத்துல துளசி சுத்தியிருக்கேன். இன்னைக்கு இது தரையில படக் கூடாது. நீ நல்லாச் சாஞ்சு உட்காரு. எங்கே இறங்கணும் நீ? காஞ்சிபுரமா? அப்ப நேரம் இருக்கு. நான் ஆரணி வரைக்கும் போறேன். தனியாத்தான். தனியான்னா, அப்படித் தனியா இல்ல, என் பையன்தான் கிளாம்பாக்கம் வரைக்கும் கார்ல கொண்டாந்து ஏத்திவிட்டான். ஜன்னல் ஓரமாப் பார்த்து உட்கார வெச்சு, கண்டக்டர்கிட்டேயும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போனான். நல்ல புள்ள.

நெத்தியைப் பார்க்கறியா? பாரு, பாரு. எல்லாரும்தான் பார்க்கறாங்க. இன்னைக்குப் புரட்டாசி கடைசி சனிக்கிழமைம்மா. உங்க வீட்டுல தளிகை போடற வழக்கம் உண்டா? இல்லையா. சில பேர் வீட்டுல கிடையாது. எங்களுக்குக் குலதெய்வமே ஏழுமலையான். புரட்டாசி சனிக்கிழமை இலை போட்டு, சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை, சுண்டல், முருங்கைக்கீரைன்னு எல்லாம் படைச்சு, மாவிளக்கு ஏத்தி, காக்காய்க்கு வெச்சுட்டு, அப்புறம்தான் வாயில ஏதாவது. ஐயோ, பிஸ்கட் வேணாம் கண்ணு, நீ சாப்பிடு. நான் இன்னும் பச்சத் தண்ணி குடிக்கல.

ஆனா ஒண்ணு. அந்தச் சோறு நம்ம வீட்டு அரிசியில பொங்கக் கூடாது. நாலு வீட்டு வாசல்ல போய் நிக்கணும். பெருமாள் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அவங்க போடற கைப்பிடி அரிசியைக் கொண்டாந்துதான் பொங்கணும். பிச்சைதான். பிச்சைன்னு சொல்றதுக்கு என்ன வெட்கம்.

என் வீட்டுக்காரர் ஆரணியில அரிசி மில்லுல மேஸ்திரி. எங்க வீட்டுல எப்பவும் மூட்டை நிக்கும். பச்சரிசி, புழுங்கல், நொய்யின்னு கால் வைக்க இடம் இருக்காது. அப்படிப்பட்ட மனுஷன் புரட்டாசி சனிக்கிழமை ஆச்சுன்னா சொம்பைத் தூக்கிடுவார். முதலாளி வீட்டு வாசல்லயும் நிப்பார், மில்லுல மூட்டை தூக்கறவங்க வீட்டு வாசல்லயும் நிப்பார். ஒரு தடவை முதலாளியம்மா சிரிச்சுட்டாங்க. "என்ன மேஸ்திரி, மில்லையே உங்க கையில குடுத்திருக்கோம், நீங்க சொம்போட வந்து நிக்கறீங்களே"ன்னாங்க. அவர் சொன்னார், "மத்த நாளெல்லாம் அளந்து போடறவன்தாம்மா நான். இன்னைக்கு ஒரு நாள் வாங்கறவன்." அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்ச வேதாந்தம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அஞ்சாங்கிளாஸோட நின்னவ நான்.

சனிக்கிழமைன்னாலே ஜனங்களுக்கு ஒரு பயம் பார்த்தியா? நல்ல காரியம் தொடங்க மாட்டாங்க. இரும்பு வாங்க மாட்டாங்க, எண்ணெய் வாங்க மாட்டாங்க. யாரையாவது திட்டணும்னாக்கூட அந்தப் பேர்தான் முதல்ல வாயில வரும். என் வீட்டுல நான் அதுக்கு விட்டதே இல்ல. எம்பையன் பலராமன் சின்னதுல தங்கச்சியைச் சனியனேன்னு திட்டிட்டான். வாயிலேயே ஒண்ணு போட்டேன். "அது பெருமாள் கிழமைடா. அதைத் திட்டற வாயால நாளைக்கு எப்படிச் சாமி கும்பிடுவே"ன்னு கேட்டேன். மறுநாள் ரெண்டுத்துக்கும் மறுபடி சண்டை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "போடி, செவ்வாய்க்கிழமை!"ன்னு திட்டினான்.

சிரிக்கறே பார். நாங்களும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சோம். அவர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார், புரையேறிப் போச்சு.

அவர் போனது போன வருஷம் சித்திரையில. அந்தப் புரட்டாசி தீட்டு வருஷம், தளிகை கிடையாது. இந்த வருஷம்தான் நான் எடுத்துச் செய்யணும். ஆரணி வீட்டு முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுட்டு, பின்னாடி ஒரு ரூமும் சமையல்கட்டும் மட்டும் வெச்சுக்கிட்டு, பையனோட வந்துட்டேன். கேளம்பாக்கம் பக்கத்துல பெரிய பிளாட்டு. பன்னெண்டாவது மாடி. பொண்ணு கோதை மஸ்கட்டுல இருக்கா. அங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயித்துக்கிழமை மாதிரியாம். நான் ஞாயித்துக்கிழமை பேசலாம்னு போனை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், அவ ஆபீஸ்ல இருப்பா. அவளுக்கு லீவுன்னா எனக்கு வீடு துடைச்சு விளக்கேத்தற வெள்ளிக்கிழமை. ரெண்டு பேருக்கும் ஒரு கிழமை பொருந்தி வர மாட்டேங்குது.

மருமக வினோதினி தங்கமான பொண்ணு. நான் சமைச்சேன்னு, "நீங்க ஏன் அத்தை சிரமப்படறீங்க"ன்னு சமையலுக்கு அம்சான்னு ஒரு ஆளைப் போட்டா. துணி மடிச்சேன்னு அதுக்கும் ஒரு ஆள். கடைசியில நான் செய்ய ஒரு வேலையும் இல்லாம, அப்படிப் பார்த்துக்கிட்டா.

அந்த வீட்டுல கிழமையே கிடையாது கண்ணு. ஆபீஸ் இருக்கற நாள், ஆபீஸ் இல்லாத நாள், அவ்வளவுதான். சனிக்கிழமை அன்னைக்குத்தான் எண்ணெய் டின் வரும். இரும்புத் தோசைக்கல் ஒண்ணு ஆர்டர் போட்டா, அதுவும் சனிக்கிழமைதான் வந்து எறங்குச்சு. மத்தியானத்துக்குப் பிரியாணி. நான் ஒண்ணும் சொல்றதில்ல. என் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு விளக்கேத்திடுவேன். பெருமாளுக்குப் பிரியாணி வாசனை தெரியாதா என்ன?

புரட்டாசி பொறந்ததும் பையன்கிட்டே கேட்டேன். "பலராமு, ஒரு சனிக்கிழமை எனக்காகச் சொம்பு எடுத்துட்டு நாலு வீடு போய்ட்டு வாடா."

"அரிசிதானேம்மா? பத்து நிமிஷத்துல வீட்டு வாசலுக்கு வந்துடும்."

"விலை குடுத்து வாங்கினா அது பிச்சை ஆகாதேப்பா."

"அப்ப ஒண்ணு பண்ணு. என் ரூம்ல ஒரு பிடி, வினோ ரூம்ல ஒரு பிடி, ஹால்ல ஒரு பிடி வாங்கிக்கோ. மூணு வீடு ஆச்சு."

விளையாட்டுக்காரன். சிரிச்சுட்டுப் போய்ட்டான். முதல் சனி அப்படியே போச்சு. ரெண்டாவது சனி அவனுக்கு வேலை. ரெண்டு சனியும் வெறும் துளசித் தீர்த்தத்தோட முடிஞ்சுது. மூணாவது சனி காலையில எழுந்து குளிச்சேன். ரெண்டு பேரும் தூங்கறாங்க. எழுப்ப மனசு வரல. நெத்தியில நாமத்தை இழுத்துக்கிட்டு, சொம்பை எடுத்துக்கிட்டு நானே கிளம்பிட்டேன்.

அந்த மாடியிலேயே முதல் கதவு. பெல்லை அடிச்சேன். கதவைத் திறந்தது ஒரு பெங்காலிப் பொண்ணு. பாஷை தெரியாது. சொம்பைக் காட்டி, "கோவிந்தா"ன்னேன். "கோபிந்தோ?"ன்னு கேட்டுச்சு. உள்ளே ஓடிப்போய் ஒரு பொட்டலம் கொண்டாந்துது. சீரகம் மாதிரிப் பொடி அரிசி. என்ன வாசனைங்கறே! அதுக்குப் பேரே கோபிந்தோபோக்காம். அந்த ஊர்லயும் கோவிந்தனுக்கு அரிசி போடறாங்க பாரேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சு. அடுத்த கதவுல காதுல எதையோ மாட்டிக்கிட்டு ஒரு பையன், "சில்லறை இல்ல ஆண்ட்டி, ஜிபே இருக்கா?"ன்னான். "அரிசி போதும்ப்பா"ன்னேன். "நான் சமைக்கறதே இல்லையே"ன்னு தலையைச் சொறிஞ்சுட்டு ஓட்ஸ் பாக்கெட் ஒண்ணு குடுத்தான். வாங்கிக்கிட்டேன். குடுக்கற மனசுதானே. ஒரு கதவுல மட்டும் அந்தச் சின்ன ஓட்டை வழியா ஒரு கண்ணு தெரிஞ்சுது, கதவு திறக்கல. கீழ் மாடியில ஒரு அம்மா அரிசியும் போட்டு, போனை எடுத்து என்னைப் போட்டோவும் எடுத்துக்கிட்டாங்க. நானும் சொம்பை நேராப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஆறேழு மாசமா அங்கே இருக்கேன் கண்ணு. அத்தனை மூஞ்சியை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்து பொங்கி, படைச்சு, காக்காய்க்கு வெச்சேன். பன்னெண்டாவது மாடிக்குக் காக்காய் வராது, புறாதான் வந்துது. அதுவும் ஒரு ஜீவன்தானேன்னு விட்டுட்டேன். பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாங்க. "பொங்கல் சூப்பர்ம்மா"ன்னான். அப்பத்தான் அவன் போன் டிங்கு டிங்குன்னு அடிச்சுது. எடுத்துப் பார்த்தான். அப்புறம் அவ எடுத்துப் பார்த்தா. அந்த பில்டிங்குக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப்பு இருக்காம். அதுல என் போட்டோ. யாரோ கேட்டிருக்காங்க, பன்னெண்டாவது மாடியில பெத்த தாயைப் பட்டினி போடறாங்களான்னு. இன்னொருத்தர் போலீஸுக்குச் சொல்லணும்னு எழுதியிருக்கார்.

வினோதினிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அத்தை, நாங்க உங்களுக்குச் சோறு போடலையா?"ன்னு கேட்டா. அவ இலையில நான் பொங்கின பொங்கல் இருக்கு. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா கண்ணு"ன்னேன்.

மறுநாள் எங்களை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அந்த பில்டிங்குக்கு செகரட்டரி, மார்ட்டின்னு ஒருத்தர். மரியாதையான மனுஷன். கூட நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. பலராமன் சொல்லிடுவான்னு நான் பேசாம இருந்தேன். இது எங்க வழக்கம் சார், எங்கப்பாவும் போனார், நானும் சின்ன வயசுல போனேன், அப்படின்னு சொன்னா முடிஞ்சுது. அவனும் வாயைத் திறந்தான். அங்கே உட்கார்ந்திருந்தவங்களை ஒரு சுத்துப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

"அம்மாவுக்குக் கொஞ்ச நாளா மறதி சார். என்ன பண்றோம்னு அவங்களுக்கே தெரியறதில்ல."

அந்த ரூமே இளகிப் போச்சு கண்ணு. அதுவரைக்கும் விறைப்பா உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பரிவாப் பார்த்தாங்க. மார்ட்டின் சார் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கிட்டு, குழந்தைகிட்டே பேசற மாதிரி கேட்டார். "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க பார்ப்போம்?"

எங்கிட்டே கண்ணு! கிழமையை!

ஞாயித்துக்கிழமை. காலையில சூரியனுக்குத் தண்ணி விட்டுட்டுத்தான் வந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. பையனைப் பார்த்தேன். மேல் உதட்டுல வேர்த்திருக்கு. சின்னதுல பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைச்சுட்டு, நான் இல்லேன்னு சொல்லிட்டு நிப்பான், அதே மூஞ்சி. நான் ஞாயிறுன்னு சொன்னா, நாலு பேர் முன்னாடி என் புள்ள பொய்யன்.

"வியாழக்கிழமைதானேப்பா?"ன்னேன்.

எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க. ஒரு அம்மா ஓடிப்போய்த் தண்ணி கொண்டாந்தாங்க. விஷயம் அதோட முடிஞ்சுது.

லிஃப்ட்டுல ஏறினோம். நானும் அவனும் மட்டும்தான். "என்னடா, எப்படிச் சமாளிச்சேன் பார்த்தியா"ன்னு சொல்லிச் சிரிக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் என் கையைப் பிடிச்சுட்டான். "அம்மா, நிஜமாச் சொல்லு. இன்னைக்கு என்ன கிழமை?" கை சில்லுன்னு இருந்துச்சு. அவங்கப்பாவை எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்குப் பிடிச்ச கை. அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் பிடிக்கறான். லிஃப்ட்டு ஏறிக்கிட்டே இருக்கு. ஞாயிறுன்னு சொன்னா விட்டுடுவான்.

"வியாழன் இல்லையாப்பா?"ன்னேன்.

இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

அப்படிப் பார்க்காதே. இதைப் பொய்யின்னு சொல்ல முடியாது கண்ணு. அவன் ஒண்ணு சொன்னான், நான் அதை மெய்யாக்கிக் குடுத்தேன். புள்ளை சொன்னதைத் தாயே பொய்யாக்கலாமா?

டாக்டர்கிட்டே நாள் கேட்டான். அடுத்த மாசம்தான் கிடைச்சுது. ஆனா அந்த ஒரு வாரம் இருக்கே... தினமும் காலையில காபியை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வந்து, கட்டில்ல என் பக்கத்துல உட்காருவான். "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" நான் வேற ஏதாவது சொல்லுவேன். "இல்லம்மா, செவ்வாய். செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே? அதனால ஸ்கூல்ல நான் வெளியே நின்னேனே, ஞாபகம் இருக்கா?" எனக்கே மறந்து போனதெல்லாம் அவன் சொல்றான். எங்கே வெச்சிருந்தான் இதையெல்லாம்?

புதன்கிழமை கிண்ணத்துல நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டாந்து, தரையில உட்கார்ந்துட்டான். "புதனும் சனியும் ஆம்பளைங்களுக்கு எண்ணெய்க் குளியல். நீயே தேய்ச்சுவிடு, கைக்காவது ஞாபகம் வருதான்னு பார்ப்போம்." தேய்ச்சேன். உச்சியில பாதி முடி இல்ல கண்ணு. எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரே வீட்டுல இருக்கோம்.

வியாழக்கிழமைதான் மாட்டிக்கிட்டேன். பழக்கத்துல வியாழன்னு சொல்லிட்டேன், அன்னைக்கு நிஜமாவே வியாழன்! "சூப்பர்ம்மா!"ன்னு அவன் சந்தோஷமா எழுந்துட்டான், காபியைக்கூட முடிக்கல. "நேத்தும் வியாழன்தானேப்பா?"ன்னு கேட்டேன். அப்படியே திரும்பி உட்கார்ந்தான்.

பயந்துதான் போயிருந்தான், பாவம். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போச்சு. ஆனா என் பக்கத்துல இருந்தான்ல.

வினோதினியும் குறை வைக்கல. நான் தெரியாம நெருப்புப் பக்கம் போயிடுவேனோன்னு கேஸ் அடுப்புக்குப் பூட்டு வாங்கிப் போட்டா. வாசக் கதவுக்கு மேல எட்டாத இடத்துல ஒரு தாழ்ப்பாள். அவ்வளவு அக்கறை. லிஃப்ட்டுல பார்க்கறவங்க எல்லாம், "அம்மா, என்னைத் தெரியுதா?"ன்னு சத்தமாக் கேட்டாங்க. அந்த பில்டிங்கே என்னோட பேச ஆரம்பிச்சுடுச்சு கண்ணு. அம்சா மட்டும்தான் கிண்டல். வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சதுக்கப்புறம், "ஒரு கை உப்பு குடுங்கம்மா, வீட்டுல இல்ல"ன்னா. "வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சுட்டு உப்பு வெளியே தர மாட்டேன்டி"ன்னுட்டேன். இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "ஏம்மா, கிழமை மறந்து போற சீக்கு வெள்ளிக்கிழமை மட்டும் லீவா?"ன்னு கேட்டாளே பார்க்கணும்! வாயாடி. ஆனா யாருகிட்டேயும் சொல்லல.

அன்னைக்குச் சாயந்திரம்தான் பலராமன் சீக்கிரம் வந்து சொன்னான். "அம்மா, நாளைக்குப் புரட்டாசி கடைசி சனி. பழகின இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஞாபகம் திரும்பும்னு படிச்சேன். லீவு சொல்லிட்டேன். ஆரணி போகலாம். நம்ம தெருவுலயே சொம்பு எடுப்போம்."

"நம்ம தெருவுலயாடா?"ன்னு கேட்டேன்.

"அப்பா முன்னாடி குரல் குடுப்பார், நான் பின்னாடியே பதில் சொல்லிட்டு வருவேன்ல? நாளைக்கு நீ குரல் குடு. நான் பதில் சொல்றேன்."

அது உனக்குத் தெரியாதுல்ல? சொல்றேன் கேளு. எங்க பக்கத்துல முன்னாடி போறவங்க, "வெங்கட்ரமணா"ன்னு குரல் குடுக்கணும். கூட வர்றவங்க, "கோவிந்தா"ன்னு சொல்லணும். அந்தப் பதில் வந்தாத்தான் ஒரு வீட்டு வாசல்ல நின்னதாக் கணக்கு. மூணாம் சனிக்கு நான் ரெண்டையும் சேர்த்து நானே சொன்னேன். அது ஏதோ அவசரத்துக்கு, பெருமாள் ஏத்துக்கிட்டார். இப்ப எம்புள்ள வர்றேங்கறான். அவங்கப்பா நடந்த தெருவுல. நான் பண்ண வேண்டியது எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், இன்னும் ஒரு நாள் கிழமை தெரியாம இருக்கணும். அவ்வளவுதான்.

இன்னைக்குக் காலையில குளிச்சுட்டு வந்து பார்க்கறேன், எனக்கு முன்னாடி அவன் குளிச்சு வேட்டி கட்டி நிக்கறான். நாமத்தை அவனே போட்டிருக்கான், கோணலா. வினோதினி கதவோரம் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கா. விளக்கேத்தினேன். சொம்பை எடுத்தேன்.

சொம்பு எடுக்கறவங்க வாசலைத் தாண்டறதுக்கு முன்னாடி பெருமாள்கிட்டே வாய்விட்டுச் சொல்லணும் கண்ணு. மாசத்தையும் கிழமையையும் சொல்லிக் கூப்பிடணும். என் வீட்டுக்காரர் சொல்லுவார், கேட்டிருக்கேன். "ஏழுமலையானே, இன்னைக்குப் புரட்டாசி மாசம் சனிக்கிழமை. உன் பேரைச் சொல்லிப் பிச்சைக்குப் போறேன். கூட வா." அதைச் சொன்னாத்தான் அது பெருமாள் சொம்பு. சொல்லாட்டி அது வெறும் பாத்திரம்.

"சொல்லும்மா"ன்னான் பின்னாடி நின்னுக்கிட்டு. "ஞாபகம் இருக்கற வரைக்கும் சொல்லு. பரவாயில்ல."

ஏழுமலையானேன்னு கூப்பிட்டுட்டேன். அதுக்கு மேல வரல. வியாழக்கிழமைன்னு சொல்லிடலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், உங்கிட்டே சொல்றதுக்கு என்ன. மார்ட்டின் சார்கிட்டே சொல்லலாம். புள்ளைகிட்டே சொல்லலாம். அந்தப் பெருமாள்கிட்டே போய், அவனோட கிழமையையே நான் மாத்திச் சொல்றதா? விளக்கு முன்னாடி நின்னுக்கிட்டு? எத்தனை சனிக்கிழமை எனக்குச் சோறு போட்டவன்.

சொல்லிட்டேன். புரட்டாசி மாசம், சனிக்கிழமை, கடைசி சனிக்கிழமை. முழுசாச் சொன்னேன்.

திரும்பினேன். அவன் மூஞ்சியை நீ பார்த்திருக்கணும். "அம்மா! உனக்கு எல்லாம் வந்துடுச்சும்மா!" கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதான். இவ்வளவு பெரிய ஆம்பளை. "நேத்து என்ன கிழமை?"ன்னான். வெள்ளின்னேன். "புதன்கிழமை என்ன பண்ணினோம்?" எண்ணெய் தேய்ச்சேனேடான்னேன். "மஸ்கட்டுல யாரு இருக்கா? நம்ம மாடி எது?" எல்லாத்துக்கும் சொன்னேன். இனிமே எதை ஒளிக்கறது. சரியாச் சொல்லச் சொல்ல, என் கையைப் பிடிச்சிருந்த கை கொஞ்சம் கொஞ்சமா லேசாச்சு. கடைசியில அவனே எடுத்துக்கிட்டான். எடுத்தது அவனுக்கே தெரிஞ்சிருக்காது.

அவன் ஒண்ணும் தப்பா நினைக்கல. பெருமாள் முன்னாடி நின்னதும் தெளிஞ்சுடுச்சுன்னு வினோதினிகிட்டே சொன்னான். வினோதினி என்னையே பார்த்தா. அப்புறம் உள்ளே போய்ட்டா. அவளுக்கும் சந்தோஷம்தான்.

அப்புறம் போன் வந்துது. கொஞ்ச நேரம் பால்கனியில நின்னு பேசிட்டு வந்தான். "அம்மா, ஆபீஸ்ல இன்னைக்கு முக்கியமான வேலை. உன் நிலைமையைச் சொல்லித்தான் லீவு கேட்டிருந்தேன். இப்ப நீ நல்லா இருக்கேல்ல? பஸ்ல ஏத்திவிட்டா போயிடுவேல்ல?"

"போயிடுவேன்ப்பா"ன்னேன்.

வேற என்ன சொல்றது, சொல்லு. நல்லா இருக்கறவ பஸ்ல போக மாட்டேன்னு சொல்ல முடியுமா? கார்ல வரும்போது கண்ணாடியைப் பார்த்து நெத்தியை டிஷ்யூவால துடைச்சுக்கிட்டான். அப்படியே ஆபீஸ் போறவன், பாவம், நாமத்தோட போக முடியுமா. பஸ் நகர்ற வரைக்கும் கீழேயே நின்னான். போன்ல பேசிக்கிட்டேதான் நின்னான், ஆனா நின்னான். "நாளைக்கு வந்துடுவேல்லம்மா, உனக்கென்ன, எல்லாந்தான் தெரியுதே"ன்னு சிரிச்சான். ஒரு வாரத்துக்கப்புறம் அவன் சிரிச்சு இன்னைக்குத்தான் பார்க்கறேன். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? நீ ஒண்ணும் என்னை நினைச்சு மூஞ்சியைச் சுருக்காதே. எனக்கு ஒரு குறையும் இல்ல.

அங்கே பதில் சொல்லத்தான் ஆள் பார்க்கணும். வாடகைக்கு இருக்கறவங்களைக் கேட்கலாம்னா அவங்க வேற சாமி. மில்லுல பழைய ஆளுங்க யாராவது இருப்பாங்க. இருப்பாங்க. சனிக்கிழமைதானே, கிடைக்காமலா போயிடுவாங்க.

என்னது, காஞ்சிபுரம் வந்துடுச்சா? அதுக்குள்ளேயா? பேசிக்கிட்டே வந்துட்டேன் பார். எழுந்திரு, எழுந்திரு, குடையை மறந்துடாதே. கண்ணு, ஒரு நிமிஷம். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நான் மெதுவாத்தான் குரல் குடுப்பேன், பக்கத்துல யாருக்கும் கேட்காது. நீ ஒரே ஒரு தடவை பதில் சொல்லிட்டுப் போயேன். கூச்சப்படாதே. இல்ல, இல்ல, நீ நிக்க வேணாம், கண்டக்டர் விசில் குடுத்துட்டார். நீ பாட்டுக்கு நடந்துகிட்டே சொல்லு. எனக்குக் காது நல்லாக் கேட்கும்.

"வெங்கட்ரமணா..."